காக்ளியர் கருவியில் ராகம் எங்கே தொலைகிறது?

தமிழ்நாடு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான். அந்தக் கெடு நெருங்கும் வீடுகளிலிருந்து வரும் கடிதங்களில் இப்போது ஒரே குழப்பம்: இசை சிகிச்சையும் கொடுத்தால் பிள்ளை சீக்கிரம் பேசிவிடுமாமே, நிஜமா?

கருவி பொருத்தினால் ‘இயல்பான செவித்திறன்’ வந்துவிடும் என்று மேடைகளில் சொல்லப்படுவதை அப்படியே நம்ப வேண்டாம். செவி நரம்புக்குப் போய்ச் சேருவது மின்துடிப்பு. அதிலிருந்து பேச்சைப் பிரித்தெடுக்க மூளை பழக வேண்டும். இசைக்கு அந்தப் பழக்கம் இன்னும் கடினம். காரணம் கருவியின் வடிவமைப்பிலேயே இருக்கிறது.

கருவியின் பிராசசர் ஒலியைச் சில அலைவரிசைகளாகப் பிரிக்கும். ஒவ்வொன்றிலும் சத்தம் ஏறி இறங்கும் அளவை மட்டும் எடுத்துக்கொண்டு, அலையின் நுண்ணதிர்வைப் பெரும்பாலும் விட்டுவிடும். பேச்சுக்கு இது போதும். அமைதியான அறையில் வெறும் நான்கு அலைவரிசைகளை வைத்தே வாக்கியங்களைப் புரிந்துகொள்ள முடியும் என்று ராபர்ட் ஷானன் குழு 1995-இல், நன்றாகக் காது கேட்பவர்களிடம் சோதித்துக் காட்டியது.

சுருதிக்கோ அந்த நுண்ணதிர்வுதான் ஆதாரம். இயல்பான காதில் உள்வரிசை மயிர்ச்செல்கள் சுமார் 3,500. கருவியில் எலக்ட்ரோடுகள் 12 முதல் 22 வரை. உட்செவியின் காக்ளியாவுக்குள் இருக்கும் உப்புத் திரவத்தில் மின்சாரம் பரவி, பக்கத்து எலக்ட்ரோடின் எல்லைக்குள்ளும் புகுந்துவிடுகிறது. அதனால் பலருக்கு உண்மையில் உதவுவது எட்டுத் தடங்கள் அளவுக்குத்தான். அடுத்தடுத்த ஸ்வரஸ்தானங்களுக்கு இடையே அதிர்வெண் வித்தியாசம் சுமார் 6 சதவீதமே. மாயாமாளவகௌளையையும் சங்கராபரணத்தையும் பிரிப்பது ரிஷபமும் தைவதமும் அந்த ஒரு படி நகர்வது மட்டுமே. கருவி வழியே கேட்கும் பலருக்கு அந்தப் படி எட்டுவதில்லை. கமகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என்னை வருத்துவது இதுதான்: அறுவைக்கு முன் எத்தனை பெற்றோரிடம் இதை உட்காரவைத்துச் சொல்கிறார்கள்?

தாளம் தப்பிப் பிழைக்கிறது. சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் கருவி நன்றாகவே கடத்துவதால், எளிய தாளச் சோதனைகளில் கருவி வழியே கேட்பவர்கள் மற்றவர்களுக்கு அருகில் நிற்கிறார்கள்.

பயிற்சி எலக்ட்ரோடைக் கூட்டாது. கேட்கும் மூளையைத்தான் கூர்மையாக்கும். ஐந்து ஸ்வரங்களில் ஏறுவது, இறங்குவது, ஏறி இறங்குவது என ஒன்பது வடிவங்களை அடையாளம் காணும் பயிற்சியை ஜான் கால்வின், சியான்-ஜீ ஃபூ குழு 2007-இல் கருவி பொருத்தியவர்களுக்குக் கொடுத்தபோது, பயின்றவர்களின் திறன் உயர்ந்தது. பேச்சும் கூடவே வளருமா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. வளரும் என்று உறுதி கொடுத்துக் கட்டணம் கேட்பவர்களிடம் ஆதாரம் கேளுங்கள்.

அடிக்கடி எழும் சில கேள்விகள். எந்தப் பாட்டு? தெரிந்த பாட்டு, ஒற்றைக் குரல், கூட ஒரு தாளம்.

வாத்தியம் கற்கலாமா? தாராளமாக.

பாட்டுக் கேட்டால் கருவி கெடுமா? கெடாது.

இடையில் காது போன பெரியவர்களுக்கு? பழைய நினைவோடு ஒப்பிடுவதால் ஏமாற்றம் அதிகம், பயிற்சி அவசியம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பாட்டு வகுப்புக்காக மேப்பிங்கையும் (கருவியின் அளவுகளைப் பிள்ளைக்கு ஏற்பச் சரிசெய்வது) பேச்சுப் பயிற்சியையும் தள்ளிப்போடாதீர்கள். பாட்டை வீட்டிலேயே, கைதட்டி, தினமும் நீங்களே பாடுங்கள்.