பழைய கார் கெட்டியா?

"அந்தக் காலத்து வண்டியெல்லாம் இரும்பு சார், இப்ப வர்றதெல்லாம் தகர டப்பா." செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போனால் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. மோதல் என்று வந்தால் நிலைமை நேர்மாறு.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கார்களைச் சோதிக்கும் ஆன்காப் அமைப்பு, 2017-இல் 1998 டொயோட்டா கரோலா ஒன்றையும் 2015 கரோலா ஒன்றையும் 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டது. ஒரே கம்பெனி, ஒரே பெயர். ஓட்டுநரைக் காத்ததற்குப் பழைய கார் வாங்கிய மதிப்பெண் 16-க்கு 0.40, புதியது 12.93. பழைய காரில் உட்காரும் பகுதியே உருக்குலைந்தது. உள்ளே இருந்த பொம்மையின் அளவீடுகள் தலை, மார்பு, கால் மூன்றிலும் பலத்த காயத்தைக் காட்டின.

புதிய காரின் முன்பக்கம் அப்பளமாக நொறுங்குவது குறை இல்லை, திட்டமிட்ட ஏற்பாடு. மோதிய வேகத்தை ஏதாவது ஒன்று வாங்கிக்கொண்டாக வேண்டும். பானெட் பகுதி மடங்கி அதை வாங்கிக்கொண்டால், ஆள் இருக்கும் கூண்டு நிற்கும். பெல்ட் இறுகவும் ஏர்பேக் விரியவும் இடம் கிடைக்கும். கூண்டே மடங்கினால் ஸ்டியரிங் மார்புக்கு வந்துவிடும்.

அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2013-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது: உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளில், 3 ஆண்டுக்குட்பட்ட காரை ஓட்டியவரைவிட 18 ஆண்டு தாண்டிய காரை ஓட்டியவர் சாகும் வாய்ப்பு 71 சதவீதம் அதிகம். பழைய காரை ஓட்டுபவர் யார், எப்படி ஓட்டுகிறார் என்பதும் இதில் கலந்திருக்கலாம். சோதனைக்கூடத்துப் பொம்மைக்கு அந்தச் சாக்கு கிடையாது.

ஆகவே கிலோமீட்டரைவிடத் தயாரிப்பு ஆண்டை முதலில் பாருங்கள், ஆர்.சி.யில் இருக்கும். இந்தியாவில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில். பக்கத்து சீட்டுக்கும் சேர்த்து எல்லாப் புதுக் கார்களிலும் வந்தது 2022-இல்தான். அதற்கு முந்தைய கார் என்றால், மாடல் பெயரை மட்டும் நம்பாமல் எந்த வேரியன்ட் என்றும் கேளுங்கள்.

தேய்மானம் தனிக் கணக்கு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-இன் 23-ஆம் வாரம் தயாரானது. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் பழுது. எரியவே இல்லை என்றால் யாரோ விளக்கையே கழற்றியிருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.