வெந்நீரூற்றும் ஓய்வின் வரலாறும்: மலையகத்திலிருந்து கன்னியாவை நோக்குதல்

கொட்டகலைப் பகுதித் தோட்டங்களில் வெந்நீர் என்பது உழைப்பின் விளைபொருளாகும். கொழுந்து பறித்து மீளும் பெண் விறகு பொறுக்கி, பீலியில் நீர் பிடித்து, லயத்து அடுப்பில் அதனைச் சுடவைக்கிறாள். மழையில் நனைந்த உடலுக்கு அந்நீர் ஆறுதல் தருவது உண்மையே. எனினும் அவ்வாறுதலையும் அவள் உழைத்தே பெறவேண்டியுள்ளது. விறகும் கூலியுமின்றி நிலமே நீரைச் சுடவைத்துத் தரும் இடங்களும் இத்தீவில் உள்ளன. அவற்றுட் பெயர்பெற்றது திருகோணமலையை அடுத்துள்ள கன்னியா. இத்தகைய தலங்களின் வரலாறு பெரும்பாலும் இயற்கை வனப்பின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. ஓய்வு எவருக்கு உரியது என்ற வினாவின் வரலாறும் அதுவே என்பதை ஈண்டு எடுத்துக்காட்ட விழைகின்றோம்.

கன்னியா, திருகோணமலை நகரின் வடமேற்கே ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தொலைவில், அநுராதபுரம் வீதியை அண்டி அமைந்தது. அங்குள்ளவை கட்டப்பெற்ற ஏழு சிறு கிணறுகள். அவற்றின் வெப்பம் ஒன்றற்கொன்று சற்று வேறுபடும். பொதுவாக 40 பாகை செல்சியசை அண்டியிருக்கும். இலங்கையில் உயிர்ப்புள்ள எரிமலை எதுவுமில்லை. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மீள்வதாலேயே இவ்வூற்றுகள் தோன்றுகின்றன. நிலத்தினுள் ஒரு கிலோமீற்றர் இறங்குந்தோறும் வெப்பம் 25 முதல் 30 பாகை வரை உயர்வது பொதுவியல்பு. மகாஓயா, மகாபெலஸ்ஸ ஆகிய இடங்களிலுள்ள ஊற்றுகளும் இவ்வகையினவே. இவ்விளக்கம் கன்னியாவின் மதிப்பைக் குறைப்பதன்று. அந்நீர் எந்த ஒருவரின் கொடையுமன்று என்பதையே அது உறுதிப்படுத்துகின்றது.

மக்கள் மரபு பிறிதொரு விளக்கத்தைத் தருகின்றது. தாயின் ஈமக்கடனுக்கு நீர் வேண்டி இராவணன் வாளால் ஏழிடங்களிற் குத்த, ஊற்றுகள் பிறந்தன என்பது ஐதிகம். இறந்தோருக்கான கிரியைகளை இங்கு வந்து செய்யும் வழக்கமும் இதனோடு இணைந்தது. இக்கதையில் நாம் கருத்திற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. மக்கட் கற்பனையில் இவ்வெந்நீர் இன்பநுகர்வுக்காகப் பிறக்கவில்லை. தாயை இழந்த மகனின் துயருக்காகப் பிறந்தது. வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளும் எளிய நீராடல் முறையும் பொதுப்பயன்பாட்டின் தடத்தைத் தாங்கி நிற்கின்றது.

இதே வெந்நீர் ஐரோப்பாவில் அடைந்த கதி வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊற்று நகரங்கள் செல்வர்களின் உல்லாசத் தலங்களாயின. ஈரல் நோயால் வருந்திய கார்ல் மார்க்ஸ், மருத்துவரின் அறிவுரைப்படி 1874, 1875, 1876 ஆகிய மூன்று ஆண்டுகளும் பொஹீமியாவின் கார்ல்ஸ்பாட் நகருக்குச் சென்றார். முதன்முறை மகள் எலினோரும் உடன் சென்றார். விருந்தினர் பட்டியலில் அவர் தம்மைச் சொந்த வருமானத்தில் வாழும் கனவானாகப் பதிந்துகொண்டார். அதனால் இருமடங்கு ஊற்றுவரி செலுத்த நேர்ந்தது. ஆயினும் தாம் யாரென்ற ஐயம் எழாது என அவர் ஏங்கெல்சுக்கு எழுதினார். ‘மூலதனம்’ நூலின் ஆசிரியர் நோய் தீர்த்துக்கொள்ள மூலதனத்தால் வாழ்பவராக வேடமிட நேர்ந்தமை வெறும் நகைச்சுவையன்று. நீர் நிலத்திலிருந்து வந்தது. அதனருகே தங்கும் தகுதியோ வருமானத்தால் அளக்கப்பட்டது.

எமது மலையகத்தில் வெந்நீரின் இடத்தைக் குளிர்காற்று பெற்றது. 1819இல் ஜோன் டேவி நுவரெலியாச் சமவெளியைக் ‘கண்டுபிடித்தார்’ எனக் குடியேற்றவாத வரலாறு கூறும். தாமே கோப்பித் தோட்ட உடைமையாளராகவும் இருந்த ஆளுநர் எட்வர்ட் பாண்ஸ், 1820களின் இறுதியில் அதனை வெள்ளையரின் உடல்தேறும் தலமாக்கினார். மார்க்ஸ் இறுதியாகக் கார்ல்ஸ்பாட் சென்ற அதே 1876இல் அங்கு ஹில் கிளப் நிறுவப்பட்டது. நீண்டகாலம் அது ஐரோப்பியருக்கே உரியதாயிருந்தது. கொட்டகலையைக் கடந்து செல்லும் புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவை எட்டியது. தேயிலையை இறக்கிய அப்பாதையே ஓய்வு நாடியோரை ஏற்றியும் சென்றது. துரைமாருக்கு மருந்தாகிய அக்குளிரே, தமிழகத்திலிருந்து மன்னார், மாத்தளை வழியே நடந்து வந்த தொழிலாளருக்கு நோயாயிற்று. காலநிலை ஒன்றே, அதனை அனுபவித்த வர்க்கங்கள் இரண்டு.

இன்று கன்னியா மற்றொரு பிணக்கின் களமாகியுள்ளது. 2011இல் அது தொல்லியல் திணைக்களத்தின் பாதுகாப்புக்குட்பட்ட இடமாக அறிவிக்கப்பட்டது. பழைய பிள்ளையார் கோயில் நின்ற மேட்டில் தாதுகோபம் எழுப்பும் முயற்சிக்கு எதிராக 2019இல் மக்கள் திரண்டனர். மேல் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சிறுபான்மையினரின் நினைவிடங்களை அரச அதிகாரத்தின் துணையோடு ஓரினத்தின் சொத்தாக்கும் போக்கை முற்போக்காளர் ஐயத்துக்கிடமின்றி எதிர்த்தல் வேண்டும். ஆயினும் ஊற்று எந்த மதத்துக்குரியது என்ற விவாதத்தோடு எமது கடமை முடிந்துவிடுவதில்லை.

கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், மலைக்குப் போகாவிடில் பேரே இல்லை என்னும் நாட்கூலி முறையில், கன்னியா செல்லும் ஒருநாள் ஊதியமிழந்த ஒருநாளாகும். வாயிற்கதவு அனைவருக்கும் திறந்திருப்பினும், அதுவரை வரும் நாளொன்று தொழிலாளிக்கு இல்லையெனின் அத்திறப்புக்குப் பொருளில்லை. ஆகவே ஊற்றைப் பொதுவுடைமையாகக் காப்பதும் ஊதியத்துடன் கூடிய ஓய்வை வென்றெடுப்பதும் ஒரே கோரிக்கையின் இரு கூறுகள் என்றே நாம் கருதுகின்றோம்.