கணிப்பொறியில் தவறி அழிந்த கோப்பை மீட்டல்

ஊராட்சியின் கேட்பு, வசூல், நிலுவைக் கணக்கும், தீர்மானங்களும், வேலைகளின் படங்களும் இன்று கணிப்பொறியில் குடியேறிவிட்டன. சென்ற ஆண்டு ஓர் ஊராட்சியில், பென் டிரைவில் இடம் போதவில்லையென்று ஒருவர் அதிலிருந்த படங்களை அழித்துவிட்டார். அவை ஏரியைத் தூர் வாருமுன் எடுத்தவை. மீண்டும் எடுக்க வழியில்லை. தணிக்கைக்கோ ஒரு வாரமே இருந்தது. செயலர் நம்மிடம் ஓடிவந்தார். நல்ல காலம், அதில் வேறெதையும் பதியாமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். அதுவே அவரைக் காத்தது.

இதன் காரணத்தைக் குடியானவர்க்கு விளக்குதல் எளிது. அடங்கலில் ஒரு புலத்துக்கு நேரேயுள்ள பெயரை அடித்துவிட்டால், வயலில் நிற்கும் பயிர் அக்கணமே மறைந்துவிடுமா? பென் டிரைவிலும், எக்கோப்பு எவ்விடத்தில் உள்ளதென்று காட்டும் அட்டவணை ஒன்றுண்டு. பழைய 'ஃபேட்' முறையில், கோப்பை அழித்தால் அதன் பெயரின் முதலெழுத்து ஒரு குறியாக மாறும். அது இருந்த இடம் காலியென்று பதிவாகும். உள்ளே எழுதியது அப்படியே கிடக்கும். ஆனால் காலியென்று பதிவான நிலத்தை வேறொருவர் உழுதுவிட்டால் பயிர் போயிற்று.

ஆதலின் கோப்பு தவறி அழிந்தால் முதலில் 'ரீசைக்கிள் பின்'னைப் பார்த்தல் வேண்டும். பென் டிரைவில் அழித்தவை பெரும்பாலும் அங்கே சேரா. அங்கு இல்லையெனில், அதில் ஓரெழுத்தும் புதிதாகப் பதியலாகாது. மீட்கும் மென்பொருளையும் அதே இடத்தில் நிறுவலாகாது. மீண்டு வருவனவற்றை வேறொரு டிஸ்கில் சேர்க்க வேண்டும்.

நாம் பயன்படுத்தியது 'ஃபோட்டோரெக்' என்னும் இலவச மென்பொருள். அது அட்டவணையை நம்புவதில்லை. ஒவ்வொரு வகைக் கோப்பின் தொடக்கத்திலும் உள்ள அடையாளத்தைத் தேடிச் செல்கிறது. படங்கள் வந்தன, பெயர்கள் வரவில்லை. செயலரும் ஓவர்சியரும் இரவெல்லாம் அமர்ந்து எது எந்த ஏரியென்று பிரித்தனர். சில படங்கள் பாதியே தெரிந்தன.

எஸ்.எஸ்.டி. பொருத்திய புதுக் கணிப்பொறிகளில் இந்த வாய்ப்பு அரிது. கோப்பை அழித்ததும் 'டிரிம்' என்னும் கட்டளை அவ்விடம் தேவையற்றதென்று அறிவித்துவிட, டிஸ்க் தானே அதைத் துடைத்துவிடும். பெயரை அடித்த அன்றே நிலம் தன்னைத் தானே உழுதுகொள்வது போன்றது இது.

வாரமொருமுறை பிரதி எடுக்குமாறு செயலர்களிடம் கூறியுள்ளோம். எடுத்த பிரதியை அதே கணிப்பொறியில் செருகியே வைத்திருந்த அலுவலகம் ஒன்றையும் கண்டோம். அதைக் கழற்றிப் பீரோவில் வைக்கச் சொன்னோம்.