வாடகை வீட்டில் ஒரு தலைமுறை: கன்சர்வேட்டிவ் கட்சி எங்கே போகும்?

பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சி 2019-ல் நாடாளுமன்றத்தில் 365 இடங்களைப் பிடித்தது. 2024 ஜூலை 4 தேர்தலில் மிஞ்சியவை 121. அதன் நெடிய வரலாற்றில் இவ்வளவு குறைந்த இடங்கள் கிடைத்ததில்லை. நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சியைப்போல் இன்னும் வலதுபக்கம் போவதா, நடுவுக்குத் திரும்புவதா என்று அன்றிலிருந்து கட்சிக்குள் வாதம் ஓயவில்லை.

தொகுதிவாரியாகப் பார்த்தால் இரண்டுமே பாதி விடைதான். கிளாக்டன் ஃபராஜிடம் போனது. முன்னாள் கன்சர்வேட்டிவ் பிரதமர்களான தெரசா மேயின் மெய்டன்ஹெட்டும் டேவிட் கேமரனின் விட்னியும் மிதவாதிகளான லிபரல் டெமாக்ரட்டுகளிடம் போயின. ஒரு சாராரை மீட்கப் பேசும் பேச்சு மறு சாராரை விரட்டுகிறது.

சிக்கலின் வேர் வீட்டில் இருக்கிறது என்பேன். கன்சர்வேட்டிவ் பிரதமர் மார்கரெட் தாட்சரின் 1980 சட்டம், உள்ளாட்சிக்குச் சொந்தமான வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள் அவற்றைச் சலுகை விலையில் வாங்க வழிசெய்தது. சொந்தமாக ஒன்று வந்தவருக்கு, இருப்பதைக் காக்கும் அக்கறையும் வந்தது. கட்சி அதில்தான் வளர்ந்தது. இன்று முப்பது வயது தாண்டியும் வாடகை கட்டுகிறவரிடம் போய் ‘இருப்பதைக் காப்போம்’ என்றால், எதை என்று கேட்க மாட்டாரா?

இது கட்சிக்குத் தெரியாமல் இல்லை. கட்டுமான அனுமதி விதிகளைத் தளர்த்தப் பார்த்தது. 2021-ல் செஷம்-அமர்ஷம் இடைத்தேர்தல் வந்தது. விதித் தளர்வுமீதான கோபத்தோடு அதிவேக ரயில் பாதைமீதான கோபமும் சேர்ந்துகொள்ள, வசதியான அந்த ஊர்க்காரர்கள் கட்சியைத் தோற்கடித்தார்கள். அரசு பின்வாங்கியது. 2022 டிசம்பரில் பிரதமர் ரிஷி சுனக், சொந்த எம்.பி.க்களின் நெருக்கடிக்குப் பணிந்து, உள்ளாட்சிகளுக்கான கட்டாய வீட்டு இலக்கையும் கைவிட்டார். கையிலிருந்த வாக்காளருக்காக, நாளை வரவேண்டிய வாக்காளரை விட்டுக்கொடுத்தார்கள்.

ரிஃபார்முடன் இணையலாம் என்பவர்கள் கனடாவைக் காட்டுகிறார்கள். 1993-ல் வெறும் 2 இடங்களுக்குச் சுருங்கிய அந்நாட்டுக் கன்சர்வேட்டிவ்கள், 2003-ல் வலதுசாரிப் போட்டிக் கட்சியுடன் இணைந்து, 2006-ல் ஸ்டீபன் ஹார்ப்பர் தலைமையில் ஆட்சிக்கு வந்தார்கள். வாக்குச் சிதறலை இணைப்பு தடுக்கும், உண்மைதான். மெய்டன்ஹெட் வாக்காளரை அது திரும்பக் கொண்டுவராது.

தலைவர் கெமி பேடனாக் 2025 அக்டோபர் மாநாட்டில், ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையிலிருந்து விலகுவோம் என்றார். அது ஃபராஜின் வாக்காளருக்கான செய்தி. குடியிருக்க வாங்கும் வீட்டுக்கு முத்திரைத் தீர்வையை நீக்குவோம் என்றும் சொன்னார். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஆனால் புதிதாக வீடுகள் எழும்பாவிட்டால், மிச்சமாகும் தீர்வையில் பெரும்பகுதி விலையில் ஏறி விற்பவர் கைக்கே போய்விடும். புது வீடுகளுக்குச் செஷம் போன்ற ஊர்களில் மறுபடி எதிர்ப்புக் கிளம்பும்போது கட்சி இந்த முறை பின்வாங்காமல் நிற்க வேண்டும்.