மாதாந்திர ‘பவர் கட்’ வெறும் மரம் வெட்டத்தானா? காய்ந்த புல்லும் மின்கம்பியும் சந்தித்தால் என்ன ஆகும்?

“பராமரிப்புப் பணி காரணமாக நாளை காலை 9 மணி முதல் மின்தடை.” இந்த வரியைப் பார்த்ததும் முதலில் வருவது எரிச்சல்தான். மோட்டார் போட்டு டேங்க் நிரப்பணும், போனுக்கு சார்ஜ் ஏத்தணும், நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தவங்க ஃபேன் இல்லாம தூங்கணும்.

ஆனால் அந்தச் சில மணி நேரத்தில் மின்வாரிய ஊழியர்கள் செய்யும் ஒரு வேலைக்கு அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தனி நிபுணர் குழுக்களே இருக்கின்றன. மின்கம்பியிலிருந்து விழும் பொறி பெருந்தீயாக மாறாமல் தடுப்பதுதான் அந்த வேலை.

பென்னலூர்ல காடு எங்க இருக்கு?

நியாயமான கேள்வி. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரை ஒட்டி இருக்கும் பென்னலூரைச் சுற்றி இருப்பது தொழிற்சாலைகள், கல்லூரி, கன்டெய்னர் லாரிகள், குடோன்கள். ஒரகடம் வரை இதே கதைதான்.

ஆனால் தீக்கு அடர்ந்த காடு தேவையில்லை, காய்ந்த புல் போதும். இந்தப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மழையில் காலி மனைகள், ஏரிக்கரைகள், இன்னும் கம்பெனி வராத சிப்காட் நிலங்கள் எல்லாம் இடுப்பளவு புல்லாகிவிடும். பிப்ரவரியில் பழுக்கும், மார்ச்சில் சருகாகும். கூடவே நம்ம பக்கம் வேலிகாத்தான் என்று சொல்லும் சீமைக் கருவேலம். இவற்றுக்கு மேலேதான் ஆலைகளுக்கும் ஊர்களுக்கும் போகும் 11 கிலோவோல்ட் லைன் முதல், ஸ்ரீபெரும்புதூரில் உள்ள 400 கிலோவோல்ட் துணை மின் நிலையத்துக்கு வரும் ராட்சத டவர் லைன் வரை ஓடுகின்றன.

கம்பியிலிருந்து தீ எப்படி வருது?

மரக்கிளை உரசுவது எல்லோருக்கும் தெரிந்த காரணம். பச்சைக் கிளை கம்பியைத் தொட்டால் அதன் ஈரத்தின் வழியாக மின்சாரம் பூமிக்கு இறங்கப் பார்க்கும். கிளை கருகி, எரியும் துண்டுகள் கீழே விழும்.

இரண்டாவது, காற்று. இரண்டு கம்பங்களுக்கு நடுவே தொய்ந்து கிடக்கும் கம்பிகள் பலத்த காற்றில் ஒன்றோடொன்று மோதும்போது உருகிய அலுமினியத் துளிகள் சிதறும். அலுமினியம் கீழே விழும் வழியிலேயே எரிந்துகொண்டே வரக்கூடியது. ஆறு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் சூடு ஆறாமல் புல்லைத் தொடலாம்.

இதில் வெயிலுக்கும் பங்கு உண்டு. உலோகம் சூடானால் நீளும். மே மாத மத்தியானம், வெளியே அனல், ஊர் முழுக்க ஏ.சி. ஓடுவதால் கம்பிக்குள்ளும் அதிக மின்சாரம். இரண்டும் சேர்ந்து கம்பி இன்னும் கீழே தொங்கும். காலையில் கிளைக்கு மேலே போதிய இடைவெளியோடு இருந்த கம்பி, மதியம் கிளையைத் தொடலாம். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹையோவில் நடந்தது இதுதான். வெட்டப்படாத மரங்கள் மீது லைன்கள் தொய்ந்து பட்டதில் தொடங்கி, அமெரிக்கா, கனடாவில் சுமார் 5 கோடி பேர் இருளில் மூழ்கினார்கள்.

மூன்றாவதுதான் மோசமானது. அறுந்து தரையில் விழும் கம்பி. ‘அறுந்தா கரன்ட் தானா நின்னுடுமே’ என்று நினைக்கிறோம். எப்போதும் நிற்காது. துணை மின் நிலையத்தில் இருக்கும் ரிலே, பூமிக்குள் போகும் மின்சாரம் ஒரு அளவைத் தாண்டினால்தான் பிரேக்கரை ஆஃப் செய்யும். காய்ந்த மணல், வறண்ட தரை மின்சாரத்தை எளிதில் கடத்தாது. சில ஆம்பியர் மட்டுமே கசியும்போது ரிலேக்கு அது சாதாரண லோடு மாதிரி தெரியும். கம்பி உயிரோடு கிடக்கும், புல்லுக்கு அந்தப் பொறி போதும். கோடையில் தரை காயக் காய, லைனின் பாதுகாப்பு ஏற்பாட்டுக்குக் கண் மங்குகிறது என்று சொல்லலாம்.

ஒரு கொக்கி தேய்ந்ததற்கு 85 உயிர்கள்

2009 பிப்ரவரி 7. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கடும் வெயில், சூறைக்காற்று. கில்மோர் ஈஸ்ட் என்ற இடத்தில் ஒரு பழைய மின்கம்பி அறுந்தது. கம்பத்தில் கம்பியைப் பிடித்திருக்கும் முனை சரியாக உட்காராததால், வருடக்கணக்கில் ஆடி ஆடி அந்த இடம் பலவீனமாகியிருந்தது. அந்த ஒரு தீயில் மட்டும் 119 பேர் இறந்தார்கள். அன்றைய தீக்கள் அனைத்திலும் சேர்த்து 173 பேர்.

2018 நவம்பர் 8. கலிஃபோர்னியாவில் பி.ஜி. அண்ட் ஈ. நிறுவனத்தின் டவர் ஒன்றில், கம்பியைத் தாங்கும் இரும்புக் கொக்கி தேய்ந்து உடைந்தது. அந்த லைன் போட்டு ஏறக்குறைய நூறு ஆண்டுகள். பாரடைஸ் என்ற ஊர் கிட்டத்தட்ட முழுசாக எரிந்தது, 85 பேர் பலியானார்கள். 2020-ல் அந்த நிறுவனம் 84 பேரின் மரணத்துக்கு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

இந்த இரண்டிலும் தீ தொடங்கியது மரத்தால் இல்லை என்பதைக் கவனியுங்கள். தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியாத சின்ன உலோகப் பாகங்கள்தான் காரணம். டவர் மீது ஏறியோ, ட்ரோன் விட்டோ, பக்கத்தில் போய்ப் பார்த்திருந்தால்தான் தெரிந்திருக்கும்.

அப்போ அந்த நிபுணத்துவம் என்னது?

பாதிக்கு மேல் ‘பார்க்கத் தெரிவது’தான். லைன் கூடவே நடந்து போகும் அனுபவமுள்ள லைன்மேன், ஒரு ஜம்பர் லூஸாக இருப்பதையும், பீங்கான் இன்சுலேட்டரில் விரிசல் இருப்பதையும், எந்த மரம் அடுத்த மழைக்குள் கம்பியை எட்டும் என்பதையும் சொல்லிவிடுவார். தெர்மல் கேமரா இருந்தால் இன்னும் நல்லது. தளர்ந்த இணைப்பு, அறுவதற்கு முன்பே சூடாகித் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது இடைவெளி. காட்டு நிலம் வழியாகப் போகும் லைன்களுக்கு மத்திய அரசின் வழிகாட்டுதல் ஒரு அகலம் சொல்கிறது: 11 கிலோவோல்ட்டுக்கு 7 மீட்டர், 110-க்கு 22, 400-க்கு 46 மீட்டர். கலிஃபோர்னியா சட்டம் இன்னொன்றும் கேட்கிறது. பொறி பறக்க வாய்ப்புள்ள கருவிகள் இருக்கும் கம்பங்களைச் சுற்றி 10 அடிக்கு, எரியக்கூடிய எதுவும் தரையில் இருக்கக் கூடாது.

நம்ம ஊரில் இடிக்கும் இடம் இதுதான். மேலே கிளையை வெட்டுகிறோம், வெட்டிய கிளையைக் கம்பிக்குக் கீழேயே போட்டுவிட்டுப் போகிறோம். இரண்டு மாதத்தில் அது காய்ந்த விறகு. வேலிகாத்தானை இடுப்பளவில் வெட்டினால் அடுத்த மழைக்கு நாலு கிளையாகத் தழைத்து வரும், வேரோடு எடுத்தால்தான் தீரும். ‘மரம் வெட்டியாச்சு’ என்று கணக்கு முடியும்போது, தீக்கான விறகு மேலேயிருந்து கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

காலமும் முக்கியம். தமிழ்நாட்டில் பெரிய பராமரிப்பு என்றாலே பருவமழைக்கு முன்பு செய்வது. புயலுக்கு அது சரி. தீக்கு அது போதாது. மழையில் வளர்ந்ததை மழை முடிந்ததும், புல் காய்வதற்குள் எடுக்க வேண்டும். இந்தப் பகுதிக்கு அது ஜனவரி, அதிகபட்சம் பிப்ரவரி.

கருவிகளும் உண்டு. மேலுறை போட்ட கம்பியில் கிளை உரசினாலும் உடனே பொறி பறக்காது. தெற்கு கலிஃபோர்னியாவில் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு இப்படி மாற்றியிருக்கிறார்கள். விக்டோரியாவில், அறுந்த கம்பியின் மின்னழுத்தத்தை நொடிக்கும் குறைவான நேரத்தில் அடக்கும் கருவியைத் துணை மின் நிலையங்களில் வைத்தார்கள். இதெல்லாம் செலவு பிடிக்கும். செலவே இல்லாத ஒன்றும் இருக்கிறது: கோடையில் ஒரு லைன் ட்ரிப் ஆனால், நேரில் போய்ப் பார்க்காமல் மறுபடி ஆன் செய்யக் கூடாது. ஒவ்வொரு முறை ஆன் செய்வதும், கீழே கிடக்கும் கம்பிக்கு இன்னொரு தீக்குச்சி உரசுவது மாதிரி. ‘எப்போ சார் கரன்ட் வரும்?’ என்று நாம் பத்து தடவை போன் செய்யும்போது இதுவும் ஞாபகம் இருக்கட்டும்.

கீழேயிருந்து மேலே போகும் ஆபத்து

உயர் அழுத்த டவர் லைனில் கம்பிக்கு இன்சுலேஷனே காற்றுதான். அதற்குக் கீழே புல்லோ குப்பையோ எரிந்தால், சூடான காற்றும் கரியும் புகையும் அந்தக் காப்பைக் குறைத்துவிடும். கம்பியிலிருந்து தரைக்கே மின்சாரம் பாயலாம், லைன் ட்ரிப் ஆகும். தொழிற்சாலைப் பகுதியில் அதன் அர்த்தம், ஓடிக்கொண்டிருந்த அசெம்பிளி லைன் அப்படியே நிற்பது. டவர் லைனுக்குக் கீழே உள்ள காலி இடத்தைக் குப்பை எரிக்கும் இடமாக்குவது இந்தக் காரணத்துக்காகவே ஆபத்தானது. பக்கத்தில் நிற்பவர் உயிருக்கும்தான்.

மரம் என்னுடையது, வெட்டலாமா?

மின்சாரச் சட்டம் 2003-ன் 68-வது பிரிவின்படி, லைனுக்கு இடையூறாக இருக்கும் அல்லது இருக்கக்கூடிய மரத்தை, மின் நிறுவனம் விண்ணப்பித்தால் நிர்வாக நடுவர் அகற்ற உத்தரவிடலாம். லைன் வருவதற்கு முன்பே இருந்த மரம் என்றால் உரிமையாளருக்கு நியாயமான இழப்பீடு உண்டு. எப்படியானாலும், கம்பியை ஒட்டிய கிளையை நீங்களே அரிவாள் எடுத்து வெட்ட வேண்டாம். புகார் கொடுத்து, சப்ளையை நிறுத்திய பிறகு ஊழியர்கள் வெட்டட்டும்.

கம்பி அறுந்து கிடந்தால்?

செத்த கம்பி என்று நினைக்காதீர்கள். கிட்டே போக வேண்டாம், ஆடு மாடுகளையும் பிள்ளைகளையும் தள்ளி நிறுத்துங்கள். புல் எரிந்தாலும் சப்ளை நின்றது உறுதியாகும் வரை தண்ணீர் ஊற்ற வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. தீ என்றால் 101 அல்லது 112. அழைக்கும்போது பக்கத்துக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொன்னால், எந்த ஃபீடரை நிறுத்துவது என்று அவர்கள் தேடும் நேரம் மிச்சமாகும்.