14 வாரத்துக்குள் ஈப்போவைக் காட்ட வேண்டும்

நாய்க்குட்டி வளர்ப்பவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. பிறந்த 3ஆம் வாரத்திலிருந்து ஏறக்குறைய 14ஆம் வாரம் வரை குட்டி பார்க்கும் மனிதர்கள், கேட்கும் ஓசைகள், ஏறும் வாகனங்கள் எல்லாம் ஆபத்தில்லாதவை என்று அதன் மனத்தில் பதிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு புதிதாக எது வந்தாலும் முதலில் பயம்தான். ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1965இல் வெளியிட்ட நூலிலேயே இந்தப் பருவத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் தடுப்பூசிகள் 6 அல்லது 8ஆம் வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் போடப்பட்டு, 16ஆம் வாரத்தில்தான் முடிகின்றன. அதற்குள் தெருவில் நடக்கவிட்டால் பார்வோ கிருமி தொற்றலாம். நோயுற்ற நாயின் மலத்தில் வெளியாகும் அந்தக் கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆக, ஊசி முடியும்வரை வீட்டில் பூட்டி வைத்தால் குட்டிக்கு உலகம் தெரியாது. வெளியே விட்டால் குட்டியே மிஞ்சாமல் போகலாம்.

எங்கள் குட்டி மெங்லெம்புவிலிருந்து வந்தது. கடலைக்குப் பேர்போன ஊர், நிறமும் வறுத்த கடலை நிறம். அதனால் கச்சாங் என்று பெயர் வைத்தோம். வந்தபோது அதற்கு 9 வாரம். எனக்குப் பல்கலைக்கழக விடுமுறை முடிய இன்னும் ஆறு வாரம் இருந்தது. எங்கள் பக்கத்தில் நாய் என்றால் வாசலில் சங்கிலி, ஆள் வந்தால் குரைப்பு, அவ்வளவுதான். தோட்டத்து லயத்தில் வளர்ந்த பாட்டிக்கு இதில் மாற்றுக் கருத்தே கிடையாது. “நாய்க்கு எதுக்குய்யா ஊர் சுத்திக் காட்டணும்?” என்று கேட்டார்.

எதற்கு என்றால், விலங்கு நடத்தையை ஆராயும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் சங்கம் ஒரு செய்தி சொல்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட நாய்களின் சாவுக்கு முதல் காரணம் தொற்றுநோய் அல்ல, நடத்தைக் கோளாறு. பயந்த நாய் கடிக்கும். கடித்த நாயைக் கைவிடுவார்கள், அல்லது ஊசி போட்டு முடித்துவிடுவார்கள். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் ஆனதும் பாதுகாப்பான முறையில் குட்டிக்கு வெளியுலகைக் காட்டத் தொடங்கலாம் என்பது அவர்களின் அறிவுரை. எங்கள் கால்நடை மருத்துவரும் அதையேதான் சொன்னார்: “தூக்கிக்கொண்டு போங்கள். கால் மட்டும் தரையில் படக்கூடாது.”

தம்பியின் பழைய பள்ளிப் பையை மார்பில் மாட்டி, அதற்குள் கச்சாங்கை வைத்தேன். ரயிலிலும் பேருந்திலும் செல்லப்பிராணியை ஏற்ற மாட்டார்கள். லகாட்டிலிருந்து ஈப்போவுக்கு அப்பாவின் பழைய சாகாதான்.

முதல் நாள் ஈப்போ ரயில் நிலையத்தின் முன்புறம். 1917இல் திறக்கப்பட்ட, ஹப்பக் வடிவமைத்த அந்த வெள்ளைக் கட்டடத்தின் வாசலில் கால்மணி நேரம் நின்றால் போதும். பயணப்பெட்டிச் சக்கரம், ஒலிபெருக்கி, தலைக்கவசம் அணிந்தவர், குடை பிடித்தவர் என்று ஒரு குட்டி அறிய வேண்டிய பாதி உலகம் அங்கே வந்துபோகிறது. அங்கிருந்து பழைய நகரத்துச் சந்துகள். 2014இல் எர்னஸ்ட் சகாரெவிச் வரைந்த சுவரோவியங்களைப் பார்க்கக் கூட்டம் சேருமுன் காலை 8 மணிக்கே போய்விட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் நாயோடு எங்கும் போகாதீர்கள். நாய்க்கு வியர்வை பாதத்தில்தான். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே உடலைத் தணித்துக்கொள்கிறது. நடக்கும் வயது வந்த பிறகும் தார்ச் சாலையில் உங்கள் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

சுவரோவியத்தருகே ஒரு மலாய்க் குடும்பம் வந்தது. அம்மா சற்று ஒதுங்கினார், நானும் ஒதுங்கினேன். சிறுவன் மட்டும் “போலே தெங்கோக்?” என்று கேட்டான். மூன்றடி தள்ளி நின்று பார்த்தான், கச்சாங்கும் அவனைப் பார்த்தது. ஷாஃபி வழக்கப்படி நாயின் எச்சிலோ ஈர உடலோ பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். இது தெரிந்தால் அந்த அம்மா ஒதுங்கியதை வெறுப்பாக எடுத்துக்கொள்ளத் தோன்றாது. 2014 அக்டோபரில் சைட் அஸ்மி என்பவர் பண்டார் உத்தாமாவில் ‘நாயைத் தொட்டுப் பார்க்க விரும்புகிறேன்’ என்ற நிகழ்ச்சியை நடத்தினார். முஸ்லிம்கள் பலர் வந்து தொட்டுப் பார்த்து, கழுவும் முறையையும் கற்றுச் சென்றார்கள். அதற்காக அவருக்கு மிரட்டலும் வந்தது.

‘நாய்க்கு அனுமதியுள்ள இடங்கள்’ என்று தேடினால் பெரும்பாலும் காப்பிக் கடைகள்தான் வருகின்றன. குட்டிக்கு எதற்குக் காப்பி? ஹலால் சான்றிதழ் பெற்ற உணவகத்துக்குள் செல்லப்பிராணிகளைவிட விதி இடம் தராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பணியாளரிடம் வாதாடிப் பயனில்லை. நகரப் பூங்காக்கள் பலவற்றின் நுழைவாயிலில் நாய்ப் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். வேலியிட்ட ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தால் நாயை அஞ்சுபவருக்கும் நிம்மதி, வளர்ப்பவருக்கும் நிம்மதி. கோலாலம்பூர் தேசா பார்க்சிட்டியில் மாலை நேரத்தில் ஏரியைச் சுற்றி மனிதர்களுக்குச் சமமாக நாய்களைப் பார்த்தேன். ஆனால் அது தனியார் நிறுவனம் உருவாக்கிய குடியிருப்பு. அங்கே வீடு வாங்க முடிந்தவர்களின் வாசலில் இருக்கிறது அந்தப் பூங்கா.

எங்களுக்குப் பாப்பான் இருக்கிறது. கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் கழிந்து வார இறுதிக்கு வீடு வந்தபோது, கச்சாங்கை முதன்முதலாக அங்கேதான் தரையில் நடக்கவிட்டேன். ஈயம் வற்றியதும் ஆள் குறைந்துபோன ஊர். பாதிக் கடைவீடுகளில் மரம் முளைத்திருக்கிறது. ஜப்பானியர் காலத்தில் போராளிகளுக்கு இரகசியமாக மருத்துவம் பார்த்த சிபில் கார்த்திகேசுவின் 74ஆம் எண் வீட்டைக் கடந்து, நீளக் கயிற்றில் கச்சாங் முகர்ந்துகொண்டே போனது. ஒரு மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு வந்தது. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடியும் புல்லை முகர்ந்தது.

நாய் உரிமத்தை ஆண்டுதோறும் ஊராட்சி மன்றத்தில் எடுக்க வேண்டும். கட்டணமும் எத்தனை நாய் வளர்க்கலாம் என்பதும் மன்றத்துக்கு மன்றம் மாறும். எங்கள் வீட்டில் அப்பாதான் போய் எடுத்து வந்தார். வில்லையைக் கழுத்துப்பட்டையில் கோத்தது பாட்டி.