தறிக்கும் துடிப்பு மாறுமா? வாட்ச் காட்டும் எண்ணின் கதை

குமாரபாளையத்திலிருந்து பேசுகிறேன். பின்னால் தறிச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கோங்க. இன்னிக்கு அதை வைத்துத்தான் பாடமே.

ஒரு விசைத்தறி சரியாக 510 மில்லி செகண்டுக்கு ஒரு அடி அடிக்கிறது, கொஞ்சமும் மாறாமல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இதயம் அப்படி இல்லை. மூச்சை இழுத்தால் துடிப்புகளின் இடைவெளி குறையும், விட்டால் கூடும். இந்த ஏற்ற இறக்கத்தை நாடியில் அளப்பதுதான் நாடித்துடிப்பு மாறுபாடு.

கையில் கட்டும் வாட்ச், தோலில் ஒளி பாய்ச்சி நாடியைப் பார்க்கிறது. ஆனால் விட்டு விட்டுத்தான் பார்க்கும். வினாடிக்கு 25 முறை என்றால் 40 மில்லி செகண்டுக்கு ஒருமுறை. இந்த வேகம்தான் சாம்பிளிங் ரேட்.

இப்போ அதே வேகத்தில் நம்ம தறியை அளந்து பாருங்க. எல்லா இடைவெளியும் 40-இன் மடங்காகத்தான் வரும். 510 வராது, 520, 520, 520, 480 என்று திரும்பத் திரும்ப வரும். சராசரி அதே 510. அதனால் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பதில் தப்பே தெரியாது. ஆனால் அடுத்தடுத்த இடைவெளிகளின் வித்தியாசத்தை வைத்துப் போடும் ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. என்ற மாறுபாட்டு எண், பூஜ்யம் வரவேண்டிய இடத்தில் 28 காட்டும்!

இந்தப் பொய் மாறுபாடு உண்மையானதோடு வர்க்கமாகக் கூடும். உண்மையில் 50 உள்ளவருக்கு ஏறக்குறைய 57 காட்டும், பரவாயில்லை. 10 உள்ளவருக்கோ 30 காட்டும். நாள்பட்ட சர்க்கரை நோயில் இதயத்தை இயக்கும் நரம்புகள் பாதிக்கப்பட்டால் இந்த எண் குறையும். யாருக்கு எச்சரிக்கை வேணுமோ, அவரிடமே ‘நல்லாத்தான் இருக்கீங்க’ என்று சொல்லிவிடும்.

வேகத்தைக் கூட்டினால் பிழை குறையும்: 100 ஹெர்ட்ஸில் 7, 250-இல் 3-க்குள். ஆனால் விளக்கு அடிக்கடி எரிந்தால் பேட்டரி தீரும். இன்னொரு வழி, அலையின் உச்சியை ஒட்டிய மூன்று புள்ளிகள் வழியே ஒரு வளைவு போட்டு உண்மையான உச்சியைக் கணிப்பது. 1996-இல் ஐரோப்பிய, அமெரிக்க இதயவியல் குழு ஈசிஜிக்குச் சொன்னதும் இதுதான்: 250 முதல் 500 ஹெர்ட்ஸ் நல்லது, குறைந்தால் இந்தக் கணிப்பு வேணும், அப்பவும் 100-க்குக் கீழே போகக் கூடாது.

ஆக, வாட்ச் காட்டும் மாறுபாட்டு எண்ணை நம்புவதற்கு முன், அது வினாடிக்கு எத்தனை முறை பார்க்கிறது என்று கேளுங்க. சந்தேகம் இருந்தால் ஈசிஜி எடுத்து டாக்டரிடம் காட்டுங்க. அடுத்த பகுதியில் சந்திப்போம்.